கோப்பாக வந்து சேரும் நிலம்

சூரிய மின்நிலையத்தை வடிவமைக்கும் எந்த மென்பொருளையும் முதலில் திறக்கும்போது அதற்குள் நிலம் இருப்பதில்லை. பேனல்களின் அளவு, இன்வெர்ட்டரின் திறன், கம்பியின் தடிமன், சூரியன் எந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற கணக்கு எல்லாம் முன்கூட்டியே அதில் உண்டு. நிலம் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். எல்லை ஒரு கோப்பாகவும் மேடுபள்ளம் இன்னொரு கோப்பாகவும் வருகின்றன. ஓடை, வண்டிப்பாதை, உயரழுத்த மின்பாதை, கோயில், சுடுகாடு என்று மற்றவை தனித்தனி அடுக்குகளாக வருகின்றன. இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பிறகே திரையில் ஓர் இடம் உருவாகிறது. அதன் பிறகே பேனல் வரிசைகளைப் போட முடியும்.

இந்த வேலை முழுவதும் மென்பொருளின் பட்டியலில் 'இம்போர்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. திட்ட அட்டவணையில் அதற்கென்று நாள் ஒதுக்குவது அரிது. ஆனால் அந்தச் சொடுக்கில் நடப்பது சாதாரணமானதல்ல. கோடு உள்ளே வந்துவிடுகிறது. அந்தக் கோட்டை யார் இட்டார், எந்த ஆண்டில், எந்தக் கருவியால், எதற்காக என்பவை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. சங்கிலி பிடித்து அளந்த எல்லையும், செயற்கைக்கோள் படத்தின் மேல் உத்தேசமாக இழுத்த எல்லையும் திரையில் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் தெரிகின்றன. மென்பொருள் இரண்டையும் சமமாக நம்புகிறது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகே 2016 செப்டம்பரில் முடிந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் ஏறத்தாழ 25 லட்சம் பேனல்களோடு நிற்கிறது. அந்தப் பரப்பில் எதைத் திட்டமிடுவதானாலும் நூற்றுக்கணக்கான புல எண்களை ஒரே வரைபடமாகச் சேர்த்தாக வேண்டும். மேலிருந்து பார்த்தால் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் தட்டையான, மானாவாரியான, வானம் பார்த்த பூமி. மலை இல்லை, நகர நெரிசல் இல்லை. கோப்புகள் செய்யக்கூடிய எல்லா விளையாட்டையும் காண அந்த எளிய நிலமே போதும். இங்கே சொல்லப்படும் கணக்குகள் அந்த வட்டாரத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வைத்துப் போட்டவை. குறிப்பிட்ட அந்த நிலையத்தின் கோப்புகளைப் பற்றியவை அல்ல.

கோப்பு வகைகள் பல இருந்தாலும் நடைமுறையில் புழங்குபவை நாலைந்துதான். கே.எம்.எல். வகை கீஹோல் என்ற நிறுவனத்தில் பிறந்தது. 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. கூகுள் எர்த்தோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய அந்த வகை 2008இல் பொதுத் தரமாயிற்று. அதையே சுருக்கிக் கட்டினால் கே.எம்.இசட். இந்த வகையில் ஆயத்தொலைவுகளை ஒரே முறையில்தான் எழுத முடியும்: டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது அளவுகோலில், முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. எங்கே வைப்பது என்ற குழப்பமே இல்லாததால் வடிவமைப்பு மென்பொருள்கள் இதை விரும்பி ஏற்கின்றன. யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பதுதான் இதன் பலமும் பலவீனமும். நிலத் தரகர் கைப்பேசியில் விரலால் ஒரு வேலியைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தசமப்புள்ளிக்குப் பின் ஐந்தாம் இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர், ஆறாம் இலக்கம் பதினோரு சென்டிமீட்டர். கோப்பிலோ பதினான்கு இலக்கம் இருக்கும். விரலின் நடுக்கம் நானோமீட்டர் அளவுக்குப் பதிவாகியிருக்கும்.

ஷேப்ஃபைல் 1990களின் தொடக்கத்தில் எஸ்ரி நிறுவனம் கொண்டுவந்தது. பெயர்தான் ஒருமை; உண்மையில் அது குறைந்தது மூன்று கோப்புகளின் கூட்டு. வடிவம் ஒன்றில், வரிசைக் குறிப்பு ஒன்றில், புல எண், உரிமையாளர், பரப்பு போன்ற விவரங்கள் மூன்றாவதில். நான்காவதாக, எந்த அளவுகோலில் வரைந்தது என்று சொல்லும் பி.ஆர்.ஜே. கோப்பு. முதல் மூன்றில் ஒன்று குறைந்தால் மென்பொருள் முரண்டு பிடிக்கும். ஆகவே குறை உடனே தெரிந்துவிடும். நான்காவது விடுபட்டால் பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் திறந்துவிடுகின்றன. நிலம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் தொலைந்திருக்கும். மின்னஞ்சலில் ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் இணைத்து அனுப்பும் வழக்கம் உள்ளவரை இது தீராது.

ஷேப்ஃபைலின் விவரப் பட்டியல் 1980களின் டிபேஸ் வடிவத்தைச் சேர்ந்தது. நெடுவரிசைத் தலைப்புக்கு அதில் பத்து பைட்டுக்கு மேல் இடமில்லை. தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட் தேவை. 'கிராமம்' என்று எழுத 21 பைட் வேண்டும். கோப்பு 'கிர' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எழுத்து முறையைச் சொல்லும் துணைக் கோப்பு கூட வராவிட்டால் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாகக் குவிந்துவிடும். இதற்குப் பயந்து எல்லாரும் ஆங்கில எழுத்தில் எழுதப்போய், ஒரு கோப்பில் 'டிஎச்' போட்டும் இன்னொன்றில் 'டி' மட்டும் போட்டும் எழுதிய கமுதி, மென்பொருளுக்கு இரண்டு ஊராகிவிடுகிறது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான கெடுதியைச் செய்வது எக்செல். உட்பிரிவோடு கூடிய புல எண் 12/3 என்று இருந்தால் அது தேதியாக மாறிவிடும். 12/15 போன்றவையும் தப்பாது. மாதமாகவோ நாளாகவோ கொள்ள முடியாத 145/2 மட்டும் தப்பிக்கும். ஒரு கிராமத்தின் சிறிய புல எண்கள் மட்டும் பட்டியலில் பொருந்தாமல் நிற்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் காரணம்தான் இருக்கும்.

ஜியோஜேசன் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் வெளியான அதன் தரம் டபிள்யூ.ஜி.எஸ். 84 ஒன்றையே நிலைநிறுத்தியது. அதற்கு நேர் எதிரானது டி.எக்ஸ்.எஃப். 1982இல் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளோடு வந்த இந்த வகைக்குப் பூமியைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிடையச்சு, நெட்டச்சு, எண். அந்த எண் மீட்டரா, மில்லிமீட்டரா, அடியா என்பதைக்கூடப் பல நேரம் அது சொல்வதில்லை. நிலஅளவையாளர்களில் பலர் டோட்டல் ஸ்டேஷன் கருவியை முதல் கல்லின் மேல் நிறுத்தி, அந்தக் கல்லுக்கு 1000, 1000 என்று தாமே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு மீதியை அதிலிருந்து அளப்பார்கள். அளவு மிகத் துல்லியமாக இருக்கும். நீளமும் கோணமும் சரியாக இருக்கும். ஆனால் அந்த வயல் உலகில் எங்கும் இல்லாத வயல். அதைப் பூமியில் இறக்கக் குறைந்தது இரண்டு கற்களின் உண்மையான ஆயங்கள் வேண்டும். மூன்றாவது ஒன்று இருந்தால் சரிபார்க்கலாம்.

எந்த ஆயமும் ஏதோ ஒரு கற்பனை உருண்டையின் மேல்தான் நிற்கிறது. தமிழ் நிலத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் வளைத்த பேரளவையின் தொடக்கம் அது. அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே தூக்கும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்ததும், அவர் அதை உட்கார்ந்து பழுது பார்த்ததும் அந்த அளவையின் வரலாற்றில் உள்ளவை. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த நீள்கோளம் இந்த நிலப்பகுதியின் அளவுகளிலிருந்து எழுந்தது. இந்த நிலப்பகுதிக்கு நன்றாகப் பொருந்தியது. இந்திய நிலஅளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எல்லாம் அதன்மேல் வரைந்தவை. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 பூமியின் நிறைமையத்தை நடுவாகக் கொண்டது. இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினால் தரையில் நூறு மீட்டருக்கும் மேலான விலகல் வரும். 2005இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான வரைபடங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாறின. ஆனாலும் பழைய தாளிலிருந்து நகலெடுத்து இலக்கமாக்கிய ஓடைகளும் காட்டு எல்லைகளும் இன்றும் சுற்றிவருகின்றன. நூறு மீட்டர் என்பது வசதியற்ற தூரம். ஆயிரம் கிலோமீட்டர் விலகினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நூறு மீட்டர் விலகிய ஓடை அதே ஊரில், அதே நிலத்தில், நம்பும்படியாக ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய பிழைகள் சிரிப்பை மூட்டுபவை, ஆகவே ஆபத்தற்றவை. கமுதிப் பக்கத்து ஓரிடத்தை வடக்கு 9.4 பாகை, கிழக்கு 78.4 பாகை என்று கொள்ளலாம். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் மின்நிலையம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எண்ணே இல்லாமல் போனால் இரண்டு சுழியங்களும் கூடும் கினி வளைகுடாவுக்குப் போகும். மீட்டர் கணக்கில் எழுதும் யூ.டி.எம். முறையில் வரும் பிழை இதைவிடச் சுவையானது. அந்த முறை உலகை ஆறு பாகை அகலமுள்ள அறுபது பட்டைகளாக வெட்டுகிறது. 43ஆம் பட்டைக்கும் 44ஆம் பட்டைக்கும் இடையிலான 78 பாகைக் கோடு தமிழ்நாட்டை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு திண்டுக்கல்லை ஒட்டிச் செல்கிறது. கோவை, திருப்பூர், திருநெல்வேலி ஒரு பக்கம். மதுரை, திருச்சி, சென்னை, இராமநாதபுரம் மறுபக்கம். 44இல் அளந்த கமுதியை 43 என்று சொல்லித் திறந்தால் அது அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்து இலட்சத்தீவுகளுக்கு அப்பால் அரபிக்கடலில் மிதக்கும். ஆயங்களின் அமைப்பு சரியாகவே இருப்பதால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. சூரியக் கணக்குக்கும் அதே அட்சரேகைதான் என்பதால் விளைச்சல் கணிப்பும் நம்பும்படியே வரும். பட்டையின் எல்லைக் கோடே நடுவில் ஓடும் நிலமானால் இரு பட்டைகளையும் கலக்காமல் ஒன்றையே நீட்டிப் பயன்படுத்துவது வழக்கம்.

இந்த முறைகளுக்கெல்லாம் உலகளவில் ஓர் எண் பட்டியல் உண்டு. டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு 4326, அதன் வட 44ஆம் பட்டைக்கு 32644. ஈ.பி.எஸ்.ஜி. எனப்படும் இந்தப் பட்டியலை உருவாக்கியது ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்களின் நிலஅளவையாளர் குழு. கடலடியில் எண்ணெய் தோண்டும் இடத்தைக் குறிக்க வகுத்த எண்களைக் கொண்டுதான் இன்று பேனல்களை நடுகிறார்கள்.

பரப்புக் கணக்கில் வரும் பிழை இவற்றைப்போல் சிரிக்க வைக்காது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறை, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலத்தை ஊதிப் பெரிதாக்கும். 9.4 பாகையில் அந்த ஊதல் பரப்பில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 2,500 ஏக்கரில் அது எண்பது ஏக்கருக்கு மேல். ஏக்கருக்கு இத்தனை என்று மேலே சொன்ன நிலையத்தின் விகிதத்தில் பார்த்தால் இருபது மெகாவாட். இல்லாத நிலத்தில் இருபது மெகாவாட்டுக்கு வரிசை போட்டுக் காட்டும் வரைபடம் அழகாகவே இருக்கும். யூ.டி.எம். முறையும் முற்றிலும் மெய் பேசுவதில்லை. பட்டையின் நடுக்கோட்டில் நீளத்தைச் சற்றுக் குறைத்தும் ஓரத்தில் சற்றுக் கூட்டியும் காட்டும். கமுதி 44ஆம் பட்டையின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் தரையில் ஒரு கிலோமீட்டர், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டரும் அறுபது சென்டிமீட்டருமாக நீள்கிறது. கம்பி நீளத்துக்கு இது பொருட்டல்ல. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலிக்கும் பக்கத்துப் பட்டாக்காரருக்கும் இது பொருட்டு.

பட்டா என்றதும் கோப்புகளின் உலகிலிருந்து வருவாய்த் துறையின் உலகுக்கு வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தின் வடிவத்துக்கு அடிப்படை ஆவணம் புலப்படம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனிப் படம். புலத்தின் குறுக்கே நேர்கோடுகளை இட்டு, அவற்றிலிருந்து இருபுறமும் செங்குத்தாக அளந்து ஒவ்வொரு மூலையையும் வளைவையும் குறித்துவைக்கும் முறை அது. சங்கிலியும் குறுக்குக் கோலும் கொண்டு வெயிலில் நின்று செய்த அந்த வேலையின் நேர்த்தி இன்றைக்கும் வியக்கத்தக்கது. தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் வழியே அவை இலக்க வடிவம் பெற்றுவிட்டன, வீட்டிலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு புலப்படமும் தனக்குள் மட்டும் சரியானது. பக்கத்துப் புலத்தோடு அதை ஒட்டினால் நடுவே சந்து விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு கிராமத்தின் புலங்களை எல்லாம் அடுக்கி முடித்தால் பிழைகள் கூடிக்கூடி, கடைசிப் புலம் தன் இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கும். இதை நேர்செய்ய, கிராம எல்லைகள் கூடும் இடங்களில் நட்ட பழைய கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, டி.ஜி.பி.எஸ். என்ற துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் அவற்றின் ஆயத்தை எடுத்து, மொத்தப் படத்தையும் அவற்றோடு பொருத்தி இழுப்பார்கள்.

இழுப்பது என்றால் சில புலங்கள் கொஞ்சம் நீளும், சில சுருங்கும். பட்டாவில் எழுதிய பரப்பு ஒன்று, வரப்பு காட்டும் பரப்பு இன்னொன்று, பொருத்திய கோப்பு தரும் பரப்பு மூன்றாவது. மூன்றில் எது 'எல்லை' என்ற அடுக்காக வடிவமைப்பு மென்பொருளுக்குள் போகிறது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, இரவு எட்டு மணிக்குக் கோப்பை அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருக்கும் இளம் வரைவாளர். நிலத்தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் பேசப்படும் ஒரு கேள்வி, ஒரு அடுக்கைத் தேர்ந்தெடுக்கும் சொடுக்கில் ஓசையின்றித் தீர்க்கப்பட்டுவிடுகிறது. எந்தப் பரப்பைத் தேர்ந்தோம் என்பதை அடுக்கின் பெயரிலேயே எழுதிவைப்பது சில நிறுவனங்களில் உள்ள நல்ல பழக்கம்.

வரைபடம் ஆட்டோகேடிலிருந்து வந்தால் எல்லை ஒரு மூடிய வளையமாக இருக்க வேண்டும் என்பது மென்பொருளின் நிபந்தனை. மனிதக் கண்ணுக்கு மூடியதாகத் தெரியும் வேலி, பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருக்கும்; மென்பொருள் அதை நிலமாகவே ஏற்காது. கோடு தன்னைத் தானே வெட்டிக்கொண்டால் நிலம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்து ஒன்று எதிர்மறைப் பரப்பாகிவிடும். நூற்றுக்கணக்கான சிறு கோடுகளாக உடைந்துவரும் எல்லையை இணைப்பது சலிப்பூட்டும் வேலை, அவ்வளவே.

விலக்க வேண்டிய பகுதிகள்தான் உண்மையான சிந்தனையைக் கோருபவை. நிலத்தின் மேலே 400 கிலோவோல்ட் மின்பாதை போனால் அதன் வழித்தடத்துக்கு வழக்கமாக 46 மீட்டர் அகலம் விட வேண்டும். கோப்பில் வருவதோ நடுக்கோடு மட்டும். அதன் இருபுறமும் 23 மீட்டர் என்று மென்பொருளிடம் சொல்ல வேண்டும். அடுக்கு பாகைக் கணக்கில் இருந்தால் சில மென்பொருள்கள் அதை 23 பாகை என்று எடுத்துக்கொண்டு இந்தியாவின் பெரும்பகுதியையே விலக்கிவிடும். இந்தப் பிழையும் பெரியது, ஆகவே பிடிபடும்.

பிடிபடாதது கண்மாய். இராமநாதபுரம் கண்மாய்களின் மாவட்டம். மழை பொய்த்த ஆண்டில், கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கண்மாயின் உள்வாய் தட்டையான, மரமில்லாத, யாரும் பயிரிடாத நிலமாகத் தெரியும். சூரிய மின்நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று மென்பொருளும் சொல்லும். நீர்நிலைப் புறம்போக்கு என்ற அடுக்கு வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்தால் அந்த இடம் விலக்கப்படும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் அந்த அடுக்கிலும் இல்லாமல் இருக்கலாம். தூர்ந்து, கருவேலம் மண்டி, படத்தில் ஒரு கரும்பச்சைக் கீற்றாக மட்டும் கிடக்கும். அதன் குறுக்கே வேலி கட்டினால் பாதிக்கப்படுவது வேலிக்குள் இருக்கும் நிலமல்ல, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆயக்கட்டு.

ஓர் அடுக்கில் ஒரு பொருள் இல்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். அங்கே அது இல்லை. அல்லது யாரும் அதை அளக்கவில்லை. கோப்பு இரண்டையும் ஒரே வெறுமையாகத்தான் சேமிக்கிறது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் ஆண்டுதோறும் நடந்துபோகும் தடம் எந்த அடுக்கிலும் இல்லை. தைமாதப் பொங்கலுக்கு மட்டும் ஆள்கூடும் காட்டுக்கோயில், பீடம் ஒன்றாக மட்டும் நிற்பதால் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களின் பிழைப்பு நில வகைப்பாட்டில் 'தரிசு' என்ற நிறத்துக்குள் மறைந்துபோகிறது. வடிவமைப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்த அடுக்குகளைத் தயாரித்த துறைகள் எதைக் கேட்டனவோ அதற்கான விடைதான் அவற்றில் இருக்கிறது. வருவாய்த் துறை வரிக்காக அளந்தது, வனத்துறை மரத்துக்காக, ராணுவம் பாதைக்காக. சூரிய மின்நிலையத்துக்காக என்று இந்த நிலத்தை யாரும் இதுவரை அளந்ததில்லை. பிறருடைய கேள்விகளுக்கான விடைகளைக் கோத்துத்தான் அது வடிவமைக்கப்படுகிறது. இதை ஈடுகட்டும் ஒரே வழி, கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் அங்குள்ளவர்களிடம் காட்டிக் கேட்பது. அப்படிக் கேட்டுத் திரும்பும்போது உருவாகும் புதிய அடுக்குக்கு இறக்குமதிப் பட்டியலில் பெயரில்லாததால் அது பெரும்பாலும் 'இதர விலக்குகள்' என்ற தலைப்பில் சேர்கிறது.

மேடுபள்ளத்தின் கதை வேறு. உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடம் எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பயணத்தில் ராடாரால் எடுத்தது அது. முப்பது மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கட்டமைப்பில் வரும். மலைப்பாங்கான இடத்தில் முதற்கட்டத் திட்டத்துக்கு இது போதும். தட்டையான கமுதியில் சிக்கல் தலைகீழ்: நிலத்தின் உண்மையான ஏற்ற இறக்கத்தைவிட அளவின் இரைச்சல் அதிகம். தவிர, அந்த ராடார் தரையைத் தொடவில்லை; அடர்ந்த செடிகொடிகளின் மேற்பரப்பிலிருந்தே பெரிதும் திரும்பியது. 2000இல் சீமைக் கருவேலம் அடர்ந்திருந்த இடம் எல்லாம் கோப்பில் மேடாக நிற்கும். மரத்தை வெட்டி ஆண்டுகள் ஆன பின்னும் அதன் நிழல்போல் அந்த மேடு நீங்காது. வடிவமைப்பு மென்பொருள் அந்த மேட்டைச் சமன்படுத்த எத்தனை கனமீட்டர் மண் வெட்ட வேண்டும் என்று கணக்கிட்டு விலையும் போட்டுத் தரும்.

ஆகவே இறுதி வடிவத்துக்கு ட்ரோனோ தரை அளவையோ தேவைப்படுகிறது. அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி நேரடியாகத் தரும் உயரம், கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். மக்கள் பேசும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது. புவியீர்ப்பின் சீரின்மையால் இரண்டும் ஒன்றல்ல. உலகிலேயே இந்த வேறுபாடு மிக அதிகமாகத் தாழும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. அந்தப் பெரும் பள்ளத்தின் ஓரத்தில்தான் தென் தமிழகமும் இலங்கையும் அமர்ந்திருக்கின்றன. ஆகவே இராமநாதபுரத்துக் கடற்கரையில் திருத்தாமல் எடுத்த ட்ரோன் கோப்பு, தரை உயரத்தைக் கடலுக்கு அடியில் ஏறத்தாழ 90 மீட்டர் என்று சொல்லும். பாதி நிலத்துக்கு ட்ரோன் கோப்பும் மீதிக்கு எஸ்.ஆர்.டி.எம்.மும் போட்டு ஒட்டினால் இரண்டும் கூடும் இடத்தில் தொண்ணூறு மீட்டர் செங்குத்துப் பாறை எழும். அந்தப் பாறை பேனல்கள் மேல் விழவைக்கும் நிழலையும் மென்பொருள் உண்மையாகவே கணக்கிடும்.

சமஉயரக் கோடுகளாக வரும் டி.எக்ஸ்.எஃப். கோப்பில் இன்னொரு வகை ஏமாற்று உண்டு. கோட்டின் பக்கத்தில் உயரம் எழுத்தாக எழுதியிருக்கும். கோடோ சுழிய உயரத்தில் படுத்திருக்கும். மனிதர் எழுத்தைப் படித்துக் குன்றைப் பார்க்கிறார். மென்பொருள் கோட்டைப் படித்து மைதானத்தைப் பார்க்கிறது. நிழல் கணக்குக்கு உயரம் எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டியதே. ட்ரோன் தரும் கோடிக்கணக்கான புள்ளிகளை அப்படியே கொட்டினால் வங்கிகள் கேட்கும் பி.வி.சிஸ்ட் போன்ற விளைச்சல் கணிப்பு மென்பொருள் மூச்சுத் திணறும். வரிசைகளுக்கிடையிலான சாய்வு தெரியும் அளவுக்குச் சல்லடையிட்டுக் குறைப்பார்கள். தொலைவில் உள்ள மலைத்தொடரை இந்த அடுக்கில் சேர்ப்பதில்லை. அது அடிவானக் கோடாக, திசைக்கு ஒரு கோணம் என்று தனியே போகும்.

வடக்கு என்பதும் கோப்போடு வரும் ஒரு தகவல்தான். யூ.டி.எம். வரைபடத்தின் நேர்மேல் திசை, பட்டையின் நடுக்கோட்டில் மட்டுமே உண்மை வடக்கு. கமுதியில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.4 பாகை விலகல். மின் உற்பத்தியில் இதன் விளைவு கணக்கில் எடுக்கத் தகாத அளவு. ஆனால் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வரிசையை உண்மை வடக்கை நம்பிச் சிலர் நட்டு, வரைபட வடக்கை நம்பிச் சிலர் பாதை போட்டால் மறுமுனையில் ஏழு மீட்டர் இடைவெளி திறந்திருக்கும்.

இத்தனைக்கும் சோதனைகள் எளியவை. உள்ளே வந்த எல்லையின் பரப்பைப் பட்டாக்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது முதலாவது. இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஓர் அளவுகோல் தவறியிருக்கிறது. இரண்டு கற்களுக்கிடையே திரையில் அளந்த தூரத்தைத் தரையில் நாடா பிடித்து அளந்த தூரத்தோடு ஒப்பிடுவது அடுத்தது. செயற்கைக்கோள் படத்தின்மேல் எல்லையைப் போட்டுப் பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள். அது மட்டும் போதாது, செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகியிருப்பது இயல்பு. அந்தப் படத்தைப் பார்த்தே வரைந்த எல்லை அதே படத்தோடு கச்சிதமாகப் பொருந்துவதில் வியப்பும் இல்லை, சான்றும் இல்லை.

வடிவமைப்பு முடிந்ததும் கோப்பு எதிர்த்திசையில் பயணம் போகிறது. ஒவ்வொரு கம்பத்தின் ஆயமும் பட்டியலாகி நிலஅளவையாளரின் கருவிக்குள் ஏறுகிறது. அவர் அந்த எண்களைத் தேடி நடந்து ஆப்பு அடிக்கிறார். உள்ளே வரும்போது எந்த அளவுகோலில் வந்ததோ அதிலேயே வெளியேறினால்தான் ஆப்பு சரியான இடத்தில் இறங்கும். வழியில் யாரோ வசதிக்காக மாற்றியிருந்தால் முதல் ஆப்பே வேலிக்கு வெளியே போய் நிற்கும்.

இன்னொரு மாற்றம் யாரும் தொடாமலே நடக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. மின்கொள்முதல் ஒப்பந்தங்கள் பொதுவாக 25 ஆண்டுக்குப் போடப்படுகின்றன. அதற்குள் உலக அளவுகோலில் வேலியின் ஆயம் ஒரு மீட்டருக்கு மேல் மாறியிருக்கும். வேலி மட்டும் தன் நிலத்திலேயே நிற்கும். இதனால்தான் கவனமான அளவைக்குழுக்கள் நிலையத்துக்குள் சில கான்கிரீட் தூண்களை நிலையான குறிகளாக நட்டு, அவற்றின் ஆயங்களை அளந்த தேதியோடு எழுதிவைக்கின்றன. 2016இல் வரைந்த எல்லைக் கோப்பையும் 2041இல் பக்கத்து நிலத்தை வாங்கி விரிவாக்க வருபவர் புதிய கருவியால் எடுக்கும் கோப்பையும் ஒன்றாக இறக்கினால் இரண்டு வேலிகள் தெரியும். தூண்களின் ஆயமும் தேதியும் கோப்போடு இருந்தால் பழையதை நகர்த்திப் புதியதோடு பொருத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சர்வேயரை மறுபடி அழைத்து முதல் கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.